இரட்டைக் கோடு

நான் படித்தது பி.காம். அதுவும் திருச்சியில், மதிய வெயிலில் பாதி வகுப்பு தூங்கி வழிந்த பி.காம். அறிவியலுக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், பள்ளிக்கூடத்தில் தவளை வரையச் சொன்னபோது மூன்று கால் போட்டு டீச்சரிடம் திட்டு வாங்கியதுதான். அப்படிப்பட்ட நான் எண்பத்தாறாம் வருஷம் முழுக்க நியூ ஜெர்ஸியில் ஒரு சமையலறை மேஜையில் உட்கார்ந்து மனித மரபியல் புத்தகங்களை வாசித்தேன். ஒவ்வொன்றும் தலையணை கனம். ஒரு பக்கம் தாண்ட ஒரு மணி நேரம் ஆகும். இன்றைக்கும் யாராவது உனக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால், என் மனசில் முதலில் வருவது கதைப் புத்தகம் இல்லை, அந்தத் தலையணைகளில் ஒன்றுதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

காரணம் என் மகள். எண்பத்தொன்றில் இங்கேயே பிறந்தாள். பிரஷர் குக்கர் விசில் அடித்தால் நான் துள்ளி விழுவேன், பக்கத்தில் தவழ்கிற அவள் அசைய மாட்டாள். என் பிள்ளை எவ்வளவு தைரியசாலி என்று ஊருக்கு லெட்டர் எழுதினேன். ஒன்றேகால் வயதில்தான் அவளுக்குக் காதே கேட்கவில்லை என்று தெரிந்தது. அந்த லெட்டரை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

காது டாக்டரைப் பார்க்கப் போன முதல் நாள், உட்கார்ந்ததுமே ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். நாலு பக்கம். கர்ப்பத்தில் காய்ச்சல் வந்ததா, பிரசவம் எப்படி, வீட்டில் வேறு யாருக்காவது கேட்காதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: தாயும் தகப்பனும் இரத்த உறவா? என் கணவர் ஒரு நொடி பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு ‘நோ’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அவர் என் சொந்த அத்தை மகன். என் அப்பாவுக்கு ஒரே ஒரு அக்கா, அந்த அக்காவின் மூத்த பையன். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தான், பின்னாலும் அத்தான். நாங்கள் கத்தோலிக்கர்கள். இவ்வளவு நெருங்கிய உறவில் கட்டவேண்டுமென்றால் ஆயரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கவேண்டும். அப்பா ஆயர் இல்லத்துக்கு இரண்டு நடை நடந்து, முத்திரை குத்திய கடிதத்தை வாங்கிவந்து பங்குச் சாமியார் கையில் கொடுத்த பிறகுதான் கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஆயரே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட உறவை இந்த மனுஷர் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் ஒரே கோட்டில் தீர்த்துவிட்டார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம் ஐசலின் என்ற ஊரில் அரிசி வாங்கப் போயிருந்தோம். அப்போது அங்கே இந்தியக் கடைகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கும், அதனால் எந்தக் கடைக்குள் போனாலும் தெரிந்தவர் ஒருவர் மாட்டுவார். டெக்ஸஸிலிருந்து புதிதாக மாறி வந்த ஒரு அங்கிள் அரிசி மூட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு சட்டம் பேசினார். இந்த நாட்டில் சில ஸ்டேட்டில் மாமன் மகள், அத்தை மகள் கட்டினால் குற்றமாம், பிடித்து உள்ளே போடலாமாம். இதெல்லாம் கிரீன் கார்டு ஃபைலில் ஏறிவிட்டால் அவ்வளவுதானாம். அத்தானுக்கு அப்போது கிரீன் கார்டு அப்ளை பண்ணி, வக்கீல் இன்னும் மூச்சு விடாத சமயம். போதாததற்கு அவர் ஆஃபீஸில் உறவில் கட்டுகிற ஜனங்களைப் பற்றி மதிய சாப்பாட்டில் ஜோக் அடிப்பார்களாம். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

ஒரு தடவை நோ போட்டாயிற்றா, அதற்கப்புறம் எல்லா ஃபாரத்திலும் நோதான். பள்ளிக்கூடத்தில் நோ, காது மெஷின் கொடுத்த இடத்தில் நோ. நானும் பழகிக்கொண்டேன். பொய் சொல்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை, முதல் தடவை மட்டும்தான் கை கொஞ்சம் வியர்க்கும்.

மகள் நன்றாக வளர்ந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் கையால் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றவர்களுக்கும் வாரம் ஒரு நாள் சாயங்காலம் வகுப்பு. அத்தானும் நானும் போய்ப் பிள்ளைகள் சாப்பிடுகிற சின்ன பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். ஐந்து வயதில் அவள் கை போகிற வேகத்துக்கு எங்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. மெதுவாகச் சொல்லு என்றால் கண்ணை உருட்டுவாள். சாப்பாட்டு மேஜையில் கதை சொல்ல ஆரம்பித்தால் ரசம் ஆறிப்போகும், கையில் ஸ்பூன் வைத்திருக்கிற பாவத்துக்குப் பருப்பு சுவரில் தெறிக்கும். வாயாடி என்று அவளைத் திட்ட எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உரிமை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்று சும்மா சொல்கிறேன். வெறி. தெருவில் யாராவது ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு போனால் உள்ளே எட்டிப் பார்க்காமல் நகர மாட்டேன். அத்தானுக்கும் ஆசைதான், ஆனால் அவர் எஞ்சினியர், நம்பர் கேட்காமல் மூச்சுகூட விட மாட்டார். ஆஸ்பத்திரியில் ஜெனடிக்ஸ் கிளினிக் என்று ஒன்று இருக்கிறது, அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் பார்த்துச் சொல்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு எல்லை வகுத்தார். பத்தில் ஒன்றுக்குக் கீழே சொன்னால் பெற்றுக்கொள்வோம், மேலே சொன்னால் இந்தப் பேச்சையே விட்டுவிடவேண்டும். நானும் சரி என்றேன். என் பிள்ளை பிறப்பதும் பிறக்காததும் அந்த ஒரு நம்பரில் வந்து நின்றது. அப்பாயிண்ட்மெண்ட் இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது.

இரண்டு மாதம் சும்மா இருக்க என்னால் முடியாது. கவுண்ட்டி லைப்ரரிக்குப் போனேன். அங்கே இருந்த லைப்ரேரியன் அம்மா வயசானவர், உயரமானவர், எதற்கும் அவசரப்படாதவர். மனுஷர்களுக்குப் பரம்பரையாக வருகிற குறைகளைப் பற்றிப் புத்தகம் வேண்டும் என்று என் திருச்சி இங்கிலீஷில் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. நம் ஊராக இருந்தால் புத்தகம் கைக்கு வருவதற்குள் என் ஜாதகமே வெளியே வந்திருக்கும். ஒரு அலமாரிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, முக்காலியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதலில் கையில் கிடைத்தது ஒரு பழைய புத்தகம். அறுபது, எழுபது வருஷத்துக்கு முந்தினது இருக்கும். நின்றபடியே புரட்டினேன். காது கேட்காதவர்களைக் கல்யாணம் செய்யவிடக்கூடாது, அவர்கள் பெருகினால் நாட்டுக்கு நஷ்டம் என்ற ரீதியில் ஒரு பெரிய மனிதர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் மகள் மூட்டைப்பூச்சியா? அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் லைப்ரேரியன் அம்மாவின் மேஜையில் டங்கென்று வைத்து, இதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் காட்டிய பக்கத்தை முழுவதும் வாசித்தார். போட மாட்டேன் என்றார். இப்படியும் நினைத்தார்கள், அதை அறிவியல் என்றும் சொன்னார்கள் என்பதற்கு வேறு சாட்சி இல்லாமல் போய்விடும் என்றார். எனக்குக் கோபம் தீரவில்லை.

அடுத்த வாரம் அவரே எனக்கு ஃபோன் பண்ணினார். மெடிக்கல் காலேஜ் ஒன்றின் லைப்ரரியிலிருந்து எனக்காக ஒரு புத்தகத்தை வரவழைத்திருந்தார். நீல அட்டை, எண்ணூறு பக்கத்துக்கு மேல். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் பாடப்புத்தகம். மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம், வேறு யாரும் கேட்கவில்லை என்றால் நீட்டித்துத் தருகிறேன் என்றார்.

அந்தப் புத்தகத்தை நான் எப்படி வாசித்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. மகள் ஸ்கூல் பஸ் ஏறியதும் உட்காருவேன். ஒரு பக்கம் இங்கிலீஷ் டிக்‌ஷனரி, இன்னொரு பக்கம் அடுப்பில் குழம்பு. டிக்‌ஷனரியில் தேடின வார்த்தைக்கு அர்த்தம் புரியாமல் அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடுவேன். முதல் வாரம் மூன்று குழம்பு அடிப்பிடித்தது. படங்களில் நோயாளிகளின் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள், அடையாளம் தெரியக்கூடாதாம். சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை, திருடர்களைப் போல இருந்தது. பிறகு யோசித்தேன், என் மகள் படம் இதில் இருந்தால் நானும் அந்தப் பட்டையைத்தான் கேட்பேன்.

ஆனால் அந்த எழுத்து! அப்படி ஒரு நிதானத்தை நான் எந்த மனுஷரிடமும் பார்த்ததில்லை. எழுதினவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, யாருக்காகவும் உச் கொட்டவும் இல்லை. ஒவ்வொருவர் உடம்பிலும் வெளியே தெரியாத சில பிழைகள் உண்டு, அதை எழுதுகிறவர் உடம்பிலும் உண்டு, வாசிக்கிறவர் உடம்பிலும் உண்டு. எல்லாமே ஜோடியாக இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது வேலை பார்த்துவிடும். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒரே பிழை சேர்ந்து வந்தால்தான் பிள்ளையிடம் அது வெளியே தெரியும். இவ்வளவையும் எனக்கு, தவளைக்கு மூன்று கால் போட்டவளுக்கு, புரியும்படி அந்த மனிதர் எழுதியிருந்தார். நான் என்ன பாவம் செய்தேன் என்று நாலு வருஷமாகக் கோயிலில் முழங்கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, பாவம் என்ற வார்த்தையே இல்லாமல் ஒரு பதில். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். மனசு லேசாகி அழுத அழுகை அது.

அப்புறம் அந்தப் படங்கள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். கட்டிக்கொண்டவர்களுக்கு நடுவில் ஒரு கோடு, கீழே பிள்ளைகள். குறை உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்பியிருப்பார்கள். நாலு தலைமுறைக் குடும்பம் ஒன்று உள்ளங்கை அகலத்தில் அடங்கிவிடும். சொத்துச் சண்டை, சம்பந்திச் சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை, ஒன்றும் கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. அப்படி ஒரு பக்கத்தில்தான், சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன். கட்டிக்கொண்டவர்கள் உறவுக்காரர்கள் என்றால் இரட்டைக் கோடு போடவேண்டும் என்று கீழே சொல்லியிருந்தது. அடுத்த பக்கத்தில், உலகத்தில் எங்கெங்கே இது வழக்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், தென்னிந்தியாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் எல்லாம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி வாசித்தேன். எங்களை ஏதோ அதிசயப் பிராணி மாதிரி எழுதாமல், மழை பெய்யும் என்பது மாதிரி எழுதியிருந்தார்.

அந்த நாலு வரிக்குக் கீழே இருந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. அசலில், அதாவது உறவு இல்லாத இடத்தில், கட்டினவர்களுக்குக் காது கேட்காத பிள்ளை பிறந்தால் காரணம் பலவாக இருக்கலாம், அதனால் அடுத்த பிள்ளைக்கு வாய்ப்புக் குறைவு. உறவில் கட்டினவர்கள் என்றால் ஒரே பிழை இரண்டு பேரிடமும் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம், அப்படியானால் நாலில் ஒன்று. ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோமோ அதைப் பொறுத்து நம்பர் மாறும்.

அன்று சாயங்காலமே அத்தானிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் நின்றபடியே வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி ஃப்ரிட்ஜ் மேலே வைத்தார். இத்தனை வருஷம் எல்லாப் பேப்பரிலும் நோ போட்டிருக்கிறோம், இப்போது எஸ் என்றால் எல்லாம் பொய் என்று ஆகும், வக்கீல் காதுக்குப் போகும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார்.

“உனக்கு இன்னொரு குழந்தை வேணுமா, வேண்டாமா? எஸ்னு சொன்னா அவங்க என்ன நம்பர் சொல்லுவாங்கன்னு நீயே படிச்சிட்டே.”

நான் வாயை மூடிக்கொண்டேன். பயந்து மூடவில்லை, ஆசையில் மூடினேன். அந்த நல்ல மனிதரின் எண்ணூறு பக்கத்தையும் வாசித்து, கும்பிட்டு, கடைசியில் என் காரியத்துக்காக அவருக்கே துரோகம் செய்யத் தயாரானேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிளினிக்கில் எங்களோடு உட்கார்ந்தது ஒரு இளம் பெண். முப்பது வயதுகூட இருக்காது, கையில் பென்சிலும் ஒரு பெரிய வெள்ளைத் தாளும். டாக்டர் பிறகு வருவார், முதலில் நாம் குடும்பத்தை வரைவோம் என்றாள். எங்கள் ஃபைலில் நோ என்று இருந்ததால் எங்களுக்கு நடுவில் ஒற்றைக் கோடு போட்டாள். அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருக்க நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்த்தேன்.

அத்தான் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா? ஒரு தம்பி என்றார். இருக்கிறாரா? இல்லை, ஐம்பத்திரண்டு வயதில் தவறிவிட்டார், ஹார்ட் அட்டாக், கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்றார். கேட்ட கேள்விக்கு மேலேயே சொன்னார். மாமா என்றால் அவருக்கு உயிர். அவள் ஒரு சதுரம் போட்டு, அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 52 என்று எழுதினாள்.

பிறகு என் பக்கம் வந்தாள். உங்கள் அப்பா இருக்கிறாரா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். என்ன வயது, எதனால் என்று கேட்டாள். அத்தான் முந்திக்கொண்டார். அறுபத்தி மூன்று என்றார். மஞ்சள் காமாலை என்றார். வீட்டில், கட்டிலில், என்றும் சேர்த்துக்கொண்டார்.

பென்சில் தாளில் இறங்கியது. அவள் அறுபத்தி மூன்று என்று எழுதுவதை நான் பார்த்தேன். என் அப்பா அறுபத்தி மூன்று வரை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பஸ்ஸில் போன மனிதரைக் கட்டிலில் படுக்கவைத்து, அவருக்கு இல்லாத வியாதியைக் கொடுத்து, என் கண் முன்னால் இன்னொரு தடவை கொல்கிறார். எனக்கு மண்டைக்குள் என்னவோ பொட்டென்று தெறித்தது. பிள்ளை ஆசை, கிரீன் கார்டு, எதுவும் அந்த நிமிஷம் நினைவில் இல்லை. தமிழில் கத்தினேன்.

“எங்கப்பா சாவ மாத்திச் சொல்ல நீங்க யாரு அத்தான்?”

அந்தப் பெண் பென்சிலை எடுத்துவிட்டாள். நான் அவள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன். அந்தச் சதுரமும் இந்தச் சதுரமும் ஒரே ஆள். இவருடைய அம்மாவின் தம்பிதான் என் அப்பா. அவர் ஒரு தடவைதான் செத்தார்.

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. அந்தப் பெண் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை, ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்விகூட இல்லை. அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். நன்றி, இப்போது மறுபடி வரைவோம் என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாள், அதற்குக் கீழேயே அழுத்தி இன்னொரு கோடும் போட்டாள். இந்த ஸ்டேட்டில் இது குற்றமே இல்லை, இந்தக் காகிதம் இமிக்ரேஷனுக்குப் போகவும் போகாது என்று நாங்கள் கேட்காமலே சொன்னாள். எங்களைப் போல எத்தனையோ பேர் பயந்து வந்து உட்கார்ந்திருக்கவேண்டும் அந்த நாற்காலியில்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன நம்பர் புத்தகத்தில் இருந்ததேதான். நாலில் ஒன்று. அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அதை நான் சொல்லக்கூடாது, நீங்கள் இரண்டு பேரும்தான் முடிவெடுக்கவேண்டும், எது எடுத்தாலும் எங்களால் ஆன உதவி உண்டு என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம். முடிவையும் நாங்களேதான் எடுக்கவேண்டும் என்றால் உனக்கு எதற்குப் படிப்பு, எதற்கு இந்த ஆஸ்பத்திரி என்று மனசுக்குள் திட்டினேன். அவள் எவ்வளவு மரியாதையான காரியம் செய்தாள் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் பிடித்தது. லைப்ரரியில் நான் டங்கென்று வைத்த அந்தப் பழைய புத்தகக்காரர் என்றால் நொடியில் முடிவு சொல்லியிருப்பார்.

வீடு வரும் வழியில் அத்தான் ஹைவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டு, சுற்றி வந்தார். நாலில் ஒன்று என்பது பத்தில் ஒன்றுக்கு மேலே. கணக்கு முடிந்துபோன மாதிரிதான். நானே என் வாயால் என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று தோன்றியது. அப்பாவுக்காகப் பிள்ளையை விட்டுக்கொடுத்தேன். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பார்த்தால் புத்தகம் ஃப்ரிட்ஜ் மேலே இல்லை. அத்தான் ஆஃபீஸுக்கு எடுத்துப் போயிருந்தார். எந்த ஆஃபீஸில் பயந்து பயந்து சிரித்தாரோ அதே ஆஃபீஸில், மதிய சாப்பாட்டு நேரத்தில், அந்த நீல அட்டையை மேஜை மேலே விரித்துவைத்து வாசித்தாராம். பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்கு, என் மனைவி என் மாமன் மகள், அதைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொன்னாராம். அந்த ஆள் ஓஹோ என்று சொல்லிவிட்டு சாண்ட்விச்சைக் கடித்தானாம், அவ்வளவுதான். சாயங்காலம் இதை என்னிடம் சொல்லும்போது அத்தானின் முகத்தில் ஒரு ஆச்சரியம். இதற்கா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, கேரம் காய்களை எடுத்தார். இரண்டு டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் காய், ஒரு கறுப்புக் காய். ஒரு டம்ளர் நான், ஒரு டம்ளர் அவர். பார்க்காமல் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு காய் எடுக்கவேண்டும், இரண்டும் கறுப்பு என்றால் காது கேட்காத பிள்ளை. புத்தகத்தில் சொன்னதை அவர் கண்ணால் பார்க்கவேண்டும், எஞ்சினியர் இல்லையா. மகள் ஓடிவந்து நான் எடுக்கிறேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வெள்ளையும் கறுப்பும், வெள்ளையும் வெள்ளையும் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு இரண்டு கறுப்பு வந்தது. அத்தான் நெற்றியைத் துடைத்தார். எடுத்ததைத் திரும்பப் போட்டு மறுபடி எடுத்தாள், மறுபடியும் இரண்டு கறுப்பு.

அவளுக்கு நாங்கள் என்ன விளையாடுகிறோம் என்று தெரியாது. இரண்டு கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து நின்று ஒரு ஆட்டம் ஆடினாள். அத்தான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு நேரமும் எதைப் பார்த்து நெற்றியைத் துடைத்தாரோ அது இடுப்பை வளைத்து அவர் முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்தது.

“பெத்துக்கலாம்டி. இவள மாதிரி இன்னொண்ணு வந்தா என்ன கெட்டுப்போச்சு?”

சொன்னவர் எழுந்து போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அந்த மனிதர் மேல் அவ்வளவு ஆசை அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

எண்பத்தெட்டில் மகன் பிறந்தான். மூன்று மாதத்தில் பரிசோதனை. தூங்குகிற குழந்தையின் தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் டிக் டிக்கென்று சத்தம் கொடுத்து, மூளைக்குப் போகிறதா என்று ஒரு மெஷின் பார்க்கும். ஏழு வயது மகள் ஓரத்து நாற்காலியில் காமிக் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தயாராகத்தான் போயிருந்தோம். எது வந்தாலும் சரி என்று ஒருவருக்கொருவர் எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருப்போம் என்று கணக்கே இல்லை. பரிசோதனை செய்த பெண் திரையிலிருந்து திரும்பி, நன்றாகக் கேட்கிறது, இரண்டு காதும், என்றாள்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அத்தான் மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்து தேம்பினார். இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்ட சமாதானம் எல்லாம் எந்த மூலைக்குப் போனதோ தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்றும் தெரியவில்லை. என் முழங்காலை யாரோ தட்டினார்கள். மகள்.

தம்பிக்குக் கேட்கிறதா என்று கையால் கேட்டாள். கேட்கிறது என்றேன். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, எனக்கு டெஸ்ட் பண்ணினபோது நீ அழுதாயா என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்பாவும் அழுதாரா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

எனக்கும் ரெண்டு பேரும் அழுதீங்க, அவனுக்கும் ரெண்டு பேரும் அழுறீங்க, அப்போ சரிக்குச் சரி என்று கையால் சொல்லிவிட்டு, நாற்காலிக்குத் திரும்பிப் போய்க் காமிக்கை விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

அந்த இரண்டு அழுகையும் ஒன்றில்லை என்று இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.